ஃப்யூல் கன்ட்ரோலர் மாட்டிய ஸ்னோமொபைல் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பனிமேல் ட்ராக்கில் ஓடும் ஸ்னோமொபைலில் ஃப்யூல் கன்ட்ரோலர் மாட்டிய பிறகு எது கெட்டாலும் பழி அந்தப் பெட்டி மேல்தான் விழும். பல நேரம் அது வீண்பழி. கோளாறு கிளட்சிலோ, எக்ஸாஸ்ட் வால்விலோ, ஈரம் புகுந்த கனெக்டரிலோ இருக்கும். அது தெரியாமல் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யப் பார்த்தால் கடைசியில் பிஸ்டனுக்குத்தான் கேடு. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது நிஜமாகவே பெட்ரோல் கோளாறா?

அந்தப் பெட்டி செய்வது சின்ன வேலை. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைத் திறக்கச் சொல்லி ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) அனுப்பும் சிக்னலை நடுவில் வாங்கி, கொஞ்சம் நீட்டியோ குறைத்தோ அனுப்பிவைக்கிறது. 5 மில்லிசெகண்ட் திறக்கும் இன்ஜெக்டர், 10% கூட்டினால் 5.5 மில்லிசெகண்ட் திறந்திருக்கும். அவ்வளவுதான். டாங்கில் இருக்கும் பெட்ரோலின் ஆக்டேன் என்ன, பெல்ட் வழுக்குகிறதா, ஏர்பாக்ஸில் பனி அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

வாங்கும் முன்

சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் கன்ட்ரோலரே வேண்டாம். முழு எக்ஸாஸ்ட் பைப், ஹெட், போர்ட்டிங் (சிலிண்டர் துளைகளைத் திருத்துவது), பெரிய த்ராட்டில் பாடி, டர்போ என்று காற்றின் ஓட்டத்தையே மாற்றியிருந்தால்தான் அதற்கு வேலை. மலை ஏறுவதற்காக மட்டும் வாங்குவதும் வீண். உயரத்துக்கு ஏற்ப ஜெட் மாற்றியது கார்ப்பரேட்டர் காலம். இன்ஜெக்ஷன் வண்டியில் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்து ஈசியூவே அளவைத் திருத்திக்கொள்ளும்.

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். பட்டன் அல்லது திருகு வைத்து, குறைந்த த்ராட்டில், நடு, முழு த்ராட்டில் என்று சில இடங்களில் மட்டும் மாற்றும் பெட்டி ஒன்று. லேப்டாப்பில் ஆர்.பி.எம்.முக்கும் த்ராட்டிலுக்கும் கட்டம் கட்டமாகச் சதவீதம் நிரப்பும் பெட்டி இன்னொன்று (அந்த அட்டவணைதான் மேப்). டைனோஜெட்டின் பவர் கமாண்டர் இந்த இரண்டாம் வகை. மூன்றாவது, தனிப்பெட்டி இல்லாமல் ஈசியூவையே ஃப்ளாஷ் செய்வது, அதாவது அதன் புரோகிராமை மாற்றி எழுதுவது. இதில் பெட்ரோலோடு இக்னிஷன் டைமிங்கையும் மாற்ற முடியும். டர்போ போட்ட வண்டிக்கு பூஸ்ட் அழுத்தத்தையும் கணக்கில் எடுக்கும் பெட்டி வேண்டும். த்ராட்டிலை மட்டும் பார்க்கும் பெட்டி அங்கே போதாது.

என் கருத்தில், ஒரே ஒரு பைப் மாற்றியவருக்குப் பட்டன் பெட்டியே நல்லது. பனியில் நின்றபடி கையுறையைக் கழற்றாமல் ஒரு படி ஏற்றி இறக்கலாம். நூற்றுக்கணக்கான கட்டங்கள் உள்ள மேப் அளந்து பார்ப்பவருக்குத்தான் பயன்படும். அளக்காமல் நிரப்பினால் எந்தக் கட்டம் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு சீசன் போய்விடும்.

ரோட்டாக்ஸ் ஈ-டெக் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் இன்ஜெக்டர் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சுகிறது, அழுத்தத்தையும் தானே உண்டாக்குகிறது. சாதாரண இன்ஜெக்டரின் சிக்னலை நீட்டும் பெட்டி இதற்கு ஒத்துவராது. அந்த எஞ்சினுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித் திருத்தக் கோப்பு ஈசியூவில் இருப்பதால், சோதிப்பதற்காக இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கும் பழைய வழியும் இங்கே உதவாது.

அமெரிக்காவில் 2006 மாடல் முதல் ஸ்னோமொபைல்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது. கன்ட்ரோலர் அந்த விதிக்கு உட்பட்டதா, பந்தயத்துக்கு மட்டும் விற்பதா என்று பெட்டியின் மேலோ விவரத்தாளிலோ போட்டிருக்கிறதா பாருங்கள். வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

எல்லா அறிகுறிக்கும் முதல் சோதனை

மேப்பில் எல்லா எண்ணையும் பூஜ்யம் ஆக்குங்கள், அல்லது பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரிஜினல் கனெக்டர்களை நேராகச் சேருங்கள். பெட்டியைக் கழற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் கன்ட்ரோலர் காரணமில்லை. போய்விட்டால் மேப்பிலோ வயரிங்கிலோ தேட வேண்டும். பூஜ்ய மேப்பிலும் தொல்லை இருந்து, பெட்டியைக் கழற்றினால் மட்டும் சரியானால், அது வயரிங் அல்லது பெட்டியின் கோளாறு.

பைப்போ டர்போவோ மாற்றிய வண்டியில் இந்தச் சோதனையை ஸ்டார்ட்டிங், ஸ்லோ (ஐட்லிங்), கால் த்ராட்டில் வரை மட்டும் செய்யுங்கள். கூடுதல் பெட்ரோல் இல்லாமல் முழு த்ராட்டில் பிடித்தால் பிஸ்டன் உருகிவிடும். மேல் ஆர்.பி.எம். கோளாறுக்குக் கீழே வேறு வழி சொல்கிறேன்.

இன்னொன்று: வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து ட்ராக்கைச் சுற்றவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். அங்கே சுமை இல்லை. லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கும் எஞ்சின்கூட அழகாகச் சீறும்.

ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது

பேட்டரி இல்லாத வண்டிகளில் கயிறு இழுக்கும் அந்த நொடியில் ஸ்டேட்டர் தரும் மின்சாரத்தில்தான் ஈசியூ, பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் விழித்தெழ வேண்டும். கன்ட்ரோலரும் அதிலேயே பங்கு கேட்கிறது. எர்த் வயர் பெயின்ட் மேலோ துருப்பிடித்த போல்ட்டிலோ மாட்டியிருந்தால் பெட்டி அரைகுறையாக விழிக்கும், இன்ஜெக்டருக்குச் சிக்னல் போகாது. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தொழிற்சாலை எர்த் இருக்கும் இடத்திலேயே மாட்டுங்கள். இந்த வகை வண்டியில் எஞ்சின் ஓடாதபோது லேப்டாப்பில் மேப் ஏற்ற, பெட்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

எர்த் சரி என்றால் கனெக்டர் ஜோடிகளைப் பாருங்கள். பி.டி.ஓ. (கிளட்ச்) பக்கத்து சிலிண்டரின் வயரும் மேக் (ஸ்டேட்டர்) பக்கத்து சிலிண்டரின் வயரும் இடம் மாறியிருந்தால், தப்பான நேரத்தில் பெட்ரோல் விழும். ஸ்டார்ட் ஆனாலும் தடுமாறி ஓடும்.

பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கிறதா? குளிர் ஸ்டார்ட்டுக்கு ஈசியூ ஏற்கெனவே கூடுதல் பெட்ரோல் தருகிறது, அதற்கு மேல் பெட்டியும் கூட்டினால் மூழ்கத்தான் செய்யும். ஸ்லோவுக்குக் கீழே உள்ள கட்டங்களைப் பூஜ்யமாக விடுங்கள்.

ஸ்லோ நிற்கவில்லை, குறைந்த த்ராட்டிலில் குதித்துக் குதித்துப் போகிறது

த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் தொடங்குங்கள். அதற்கு 5 வோல்ட் போகும், த்ராட்டிலுக்கு ஏற்ப ஒரு பங்கு திரும்பி வரும். மீட்டரை வைத்து லீவரை மிக மெதுவாக அழுத்துங்கள். வோல்ட் சீராக ஏற வேண்டும். நடுவில் ஒரு தாவலோ பள்ளமோ இருந்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. த்ராட்டிலை வைத்து மேப் படிக்கும் பெட்டி அந்தப் பள்ளத்தில் வேறு கட்டத்துக்குத் தாவி, தொல்லையை இரட்டிப்பாக்கும். ஸ்லோவில் வர வேண்டிய வோல்ட் மாடலுக்கு மாடல் மாறும், அதை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அப்புறம் பெட்டியில் மூடிய த்ராட்டிலையும் முழு த்ராட்டிலையும் மறுபடி பதிவு செய்யுங்கள். சென்சாரை நகர்த்திவிட்டு இதை மறந்துவிட்டால், எத்தனை முறை மேப்பைத் திருத்தினாலும் வண்டி அடங்காது.

ஆக்சிஜன் சென்சார் உள்ள நான்கு-ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. நிதானமாக ஓட்டும்போது நீங்கள் கூட்டிய பெட்ரோலை ஈசியூ கவனித்துத் திரும்பக் குறைக்கும், இரண்டும் மல்லுக்கட்டி வண்டி குதிக்கும். அந்தப் பகுதியை ஈசியூவிடமே விட்டுவிடுங்கள்.

த்ராட்டிலைத் திடீரெனத் திறந்தால் மூச்சு முட்டுகிறது

லீனிலும் முட்டும், ரிச்சிலும் (பெட்ரோல் மிஞ்சினாலும்) முட்டும். காதுக்கு வித்தியாசம் தெரியும். லீன் என்றால் சத்தம் சட்டென்று அடங்கி ஒரு கணம் வெறுமையாகும், பிறகு வண்டி பாயும், அல்லது அணைந்தே போகும். ரிச் என்றால் சத்தம் அடங்காது. கரகரவென்று கனத்த ஒலியோடு புகை தள்ளி, மெல்லத் தெளியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து சூடானதும் முட்டினால் ரிச் பக்கம் சந்தேகப்படுங்கள். குளிரில் முட்டிச் சூட்டில் சரியானால் லீன்.

அந்த ஆர்.பி.எம். பகுதியை மட்டும் 4% கூட்டி ஓட்டிப் பாருங்கள். முன்னேறினால் அதே திசையில் போகலாம். மோசமானால் பழைய எண்ணுக்கு வந்து, 2% குறைத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேஷனுக்குத் தனி அமைப்பு உள்ள பெட்டியில் அதை மட்டும் தொடுங்கள். நிதான ஓட்டத்துக்கான எண்ணைத் தொட்டால் நாள் முழுக்கப் பெட்ரோல் குடிக்கும்.

இரண்டு பக்கமும் மாற்றி எதுவும் ஆகவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றுங்கள். ரோட்டாக்ஸில் ரேவ் என்பார்கள், மற்ற கம்பெனிகள் வேறு பெயர் வைத்திருக்கின்றன, வேலை ஒன்றுதான். கீழ் ஆர்.பி.எம்.மில் போர்ட்டைத் தாழ்த்திவைத்து, மேலே போகும்போது திறந்துவிடும். கரி பிடித்துத் திறந்தபடி சிக்கினால் கீழே இழுவை இருக்காது. மூடியபடி சிக்கினால் மேலே ஏறாது. இரண்டையும் கன்ட்ரோலர் கோளாறு என்று நினைத்து ஏமாறுவது ரொம்பச் சுலபம்.

பொடிப்பனியில் மட்டும் இது நடந்தால் காற்று நுழையும் வலையைப் பாருங்கள். பனித்தூள் அடைத்தால் வண்டி ரிச்சாகும். நின்று பார்க்கும் நேரத்துக்குள் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடும். முட்டிய உடனே எஞ்சினை அணைத்து, உடனே திறந்து பாருங்கள்.

முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். ஏறவில்லை

நேரமும் காசும் அதிகம் வீணாவது இந்தக் கோளாறில்தான். கார், பைக் பழக்கத்தில் வருபவர்கள் ஆர்.பி.எம். குறைந்தால் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். ஸ்னோமொபைலில் முழு த்ராட்டில் ஆர்.பி.எம்.மை முடிவு செய்வது கிளட்ச். முன் கிளட்சின் எடைகள், அதன் ஸ்ப்ரிங், பின் கிளட்சின் ஹெலிக்ஸ் (சாய்வாக வெட்டிய துண்டு), பெல்ட்டின் அகலம், பனியின் சுமை எல்லாம் சேர்ந்து எஞ்சினை ஓர் எண்ணில் பிடித்துவைக்கின்றன. இதில் பெட்ரோலும் நுழைகிறது. டூ-ஸ்ட்ரோக்கின் பைப் ஒலி அலையை நம்பி வேலை செய்கிறது. பைப்பின் உள்ளே வாயு சூடாக இருந்தால் அலை வேகமாகப் போகும், அதனால் பைப் உச்ச பலம் தரும் ஆர்.பி.எம். மேலே நகரும். பெட்ரோல் மிஞ்சினால் பைப் குளிரும், உச்சம் கீழே இறங்கும். பைப் இன்னும் சூடேறாதபோதும் இதேதான் நடக்கும். முதல் ஓட்டத்தில் வந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஆர்.பி.எம். முதல் நொடியிலிருந்தே குறைவாக, ஆனால் சத்தம் தெளிவாக, சீராக நிற்கிறதா? கிளட்ச் எடை அதிகம் அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டின் அகலத்தை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஆர்.பி.எம். தாறுமாறாக மேலே ஓடி வண்டி மட்டும் போகவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது. சத்தம் கரகரப்பாக, முழு எரிப்பு இல்லாத மாதிரி இருக்கிறதா? அது ரிச்.

உறுதி செய்ய, பிளக்கும் பிஸ்டனும் ரிச் என்று காட்டினால் மட்டும் மேல் ஆர்.பி.எம். கட்டங்களில் 2% குறைத்து அதே இடத்தில், அதே பனியில் ஓட்டுங்கள். ஆர்.பி.எம். ஏறி சத்தமும் தெளிந்தால் பெட்ரோல்தான் காரணம். துளியும் அசையவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு கிளட்சுக்குப் போங்கள். ரிச்சாக இருக்கும் வண்டிக்கு ஆர்.பி.எம். வரட்டும் என்று எடையைக் குறைப்பவர்கள் உண்டு. பிறகு பெட்ரோலைச் சரிசெய்தால் ஆர்.பி.எம். எல்லை மீறும். பெட்ரோல் முதலில், கிளட்ச் பிறகு. இந்த வரிசையை மாற்றவே வேண்டாம்.

டியூனிங்கை எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பைப் கம்பெனி கொடுத்த எண்ணுக்கு மேல் 4% வைத்து, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நீளமான சமதளத்தில் முழு த்ராட்டிலில் ஓட்டி, த்ராட்டிலை விடும்போதே சாவியை அணைத்துவிடுங்கள். ஸ்லோவில் உருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கின் நிறம் மாறிவிடும். பிளக்கை மட்டும் நம்பாமல், துளை வழியாக பிஸ்டனின் தலையையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளின் (கலவை சிலிண்டருக்குள் நுழையும் துளைகளின்) பக்கம், ஓரத்தில் கரி இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி சின்னத் திட்டுகள் இருக்க வேண்டும். பாதித் தலை கழுவியிருந்தால் ரிச். திட்டே இல்லாமல் விளிம்புவரை உலர்ந்து காய்ந்திருந்தால் லீன், அதற்கு மேல் ஒரு அடிகூட முழு த்ராட்டில் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் 2% மட்டும் குறையுங்கள். அன்றைய வெப்பநிலையையும் உயரத்தையும் எண்ணோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

இன்னொரு இடைஞ்சல், இன்ஜெக்டரின் எல்லை. டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. 8,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது. ஒரிஜினல் ஈசியூ 5.8 மில்லிசெகண்ட் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது சுற்றின் நேரத்தில் 77%. நீங்கள் 10% கூட்டினால் 6.4 ஆகி 85% தொடும். 20% கூட்டினால் ஏறக்குறைய 7, அதாவது 93%. இன்ஜெக்டருக்கு மூடித் திறக்க நேரமே இருக்காது, எண்ணைக் கூட்டினாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடாது. கூட்டக் கூட்ட வண்டியில் எந்த மாற்றமும் இல்லை என்றால் இதுவாக இருக்கலாம். பெரிய இன்ஜெக்டர் போட வேண்டும், அல்லது ஃப்யூல் பிரஷரை அளந்து பம்ப்பும் ஃபில்டரும் சரியா என்று பார்க்க வேண்டும். பிரஷர் கேஜை ஓடும் வண்டியில், சுமையில் பாருங்கள். நின்றபடி நல்ல பிரஷர் காட்டிவிட்டு முழு த்ராட்டிலில் சரியும் பம்ப் உண்டு.

ஏறிய ஆர்.பி.எம். பிடித்துக்கொண்டே போகும்போது சரிகிறது, அல்லது டெட் (டெட்டனேஷன்) விளக்கு எரிகிறது

உடனே த்ராட்டிலை விடுங்கள். பிஸ்டன் இறுகத் தொடங்கியிருக்கலாம், அல்லது டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது). பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகளோ இருந்தால் டெட்டனேஷன் உறுதி.

எக்ஸாஸ்ட் வெப்பமானி வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறலாம். லீனாகும்போது வெப்பம் ஏறும், உண்மைதான். ஆனால் டெட்டனேஷன் வந்துவிட்டால் சூடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் கூலன்ட்டுக்கும் போகும், எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும். எக்ஸாஸ்ட் முள் இறங்கிக்கொண்டே கூலன்ட் முள் ஏறினால் அது ஆபத்தின் அடையாளம். வெப்பமானியின் எண் ப்ரோபை (அளக்கும் முனையை) எங்கே பொருத்தியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்பதால், அடுத்தவர் வண்டியின் எண்ணை உங்கள் வண்டிக்கு எல்லையாக வைக்காதீர்கள்.

காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் டூ-ஸ்ட்ரோக்கில் முழுச் சாட்சி இல்லை. எரியாத கலவை நேராக எக்ஸாஸ்டுக்குத் தப்பிப்போவதால் அளவு பிறழும், ஆயில் சென்சாரின் ஆயுளையும் குறைக்கும். முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தேடும்போது பெட்ரோலையே முதலில் சந்தேகப்படுங்கள். ஆக்டேன் போதுமா, பழையதா, தண்ணீர் கலந்ததா? எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று-பெட்ரோல் எடை விகிதம் 14.7 என்றால், 10% எத்தனால் உள்ளதற்கு 14.1 அளவில் வரும். சுத்தப் பெட்ரோலில் விளிம்பில் டியூன் செய்த வண்டிக்கு இந்த வித்தியாசமே போதும், லீனாகிவிடும். பாதுகாப்புக்கு என்று டாங்கிலும் ஆயில் ஊற்றுவதும் லீன் பக்கமே தள்ளும், ஏனென்றால் ஆயில் அந்த அளவுக்குப் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு சிலிண்டர் மட்டும் வேறு மாதிரி

ஒரு பிளக் கறுப்பு, மற்றது வெளுப்பு. இரண்டுக்கும் ஒரே சதவீதம் போகும்போது மேப் காரணமாக இருக்க முடியாது. இன்ஜெக்டர் அடைப்பு, ரீட் (காற்று நுழையும் இடத்தின் மெல்லிய வால்வு) உடைவு, இன்டேக் பூட்டில் வெடிப்பு, கிராங்க் சீல் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். கிராங்க்கேஸை அடைத்து அழுத்தம் கொடுத்துக் கசிவு சோதிப்பது நிச்சயமான வழி. கசிவை வைத்துக்கொண்டு அந்த சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் கூட்டும் வசதி சில பெட்டிகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், கசிவு பெரிதாகிக்கொண்டேதான் போகும்.

நேற்று நன்றாக ஓடியது, இன்று குளிரில் இல்லை

பூஜ்ய டிகிரியிலிருந்து மைனஸ் 25க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 10% கூடும். சென்சார் நன்றாக இருந்தால் ஈசியூ இதைக் கவனித்துக்கொள்ளும், உங்கள் சதவீதமும் அதன் மேலேயே ஏறும். எஞ்சின் ஆறிய நிலையில் இன்டேக் வெப்ப சென்சாரின் எண் வெளிக்குளிரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சென்சாரை ஏமாற்றி பெட்ரோல் கூட்டும் மலிவான ரெசிஸ்டர் மாட்டியிருந்தால் கழற்றி எறியுங்கள். மேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கெடுத்துவிடும்.

மேடு பள்ளத்தில் மட்டும் வெட்டி வெட்டிப் போகிறது

வயரிங். முதலில் அங்கேதான் தேட வேண்டும். எஞ்சினை ஸ்லோவில் விட்டு, ஒவ்வொரு கனெக்டராக விரலால் அசையுங்கள், எது அசையும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ அதுதான். கழற்றினால் பின்னில் பச்சை படிந்திருக்கும், அல்லது ஒரு பின் பின்னோக்கித் தள்ளிப்போயிருக்கும். த்ராட்டில் சென்சார் வயரில் கடித்துப் பிடிக்கும் க்ளிப் மாட்டியிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதிர்விலும் உப்பு ஈரத்திலும் அது ஒரு சீசன் தாங்கினாலே அதிசயம். அதை எடுத்துவிட்டு வயரைச் சேர்த்து சால்டர் செய்து, ஒட்டும் பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். கனெக்டரில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, பெட்டியைப் பைப்பின் சூடும் பனியும் படாத இடத்தில், வயர் முனைகள் கீழ்நோக்கித் தொங்கும்படி கட்டுங்கள். உருகும் நீர் வயர் வழியாகப் பெட்டிக்குள் இறங்காமல் சொட்டிப் போகும்.